உடன்பிறப்புப் போரும் புலவர் மறுப்புரையும்: புறநானூற்றுத் துணைவஞ்சிப் பாடல்கள் சிலவற்றின் வரலாற்றுப் பெறுமதி

சங்ககால அரசியலில் புலவர் வகித்த இடத்தைப் பற்றிப் பேசுவோர் கோவூர்கிழாரின் பெயரைத் தவறாது குறிப்பிடுவர். சோழன் நலங்கிள்ளி உறையூரை முற்றியிருந்தான், உள்ளே நெடுங்கிள்ளி கதவடைத்திருந்தான், புலவர் இருவரையும் நோக்கிப் பாடினார், போர் நின்றது. பள்ளி நூல்களிலும் மேடைகளிலும் இச்செய்தி இவ்வாறே வழங்கிவருகிறது. இதன் முதல் மூன்று கூறுகளுக்குப் புறநானூற்றில் சான்று உண்டு. நான்காவது கூறாகிய 'போர் நின்றது' என்பதற்கு அந்நூலில் ஒரு சொல்லேனும் சான்றாக இல்லை. இவ்விடைவெளியை முன்வைத்துப் போருக்கு விரைந்த வேந்தனை அமைதிக்கு ஆற்றுப்படுத்த முயன்ற புலவர்களின் பாடல்கள் சிலவற்றை இக்கட்டுரையில் மீள வாசிக்க முற்படுகிறோம். அப்புலவர்களின் பெருமையைக் குறைப்பது நம் நோக்கமன்று. அவர்தம் அறிவுரை எத்தகைய வரம்புக்குள் நின்று பேசப்பட்டது என்பதை அறிவதே நோக்கமாகும்.

சான்றுகளைப் பற்றி ஒரு சொல்

1894ஆம் ஆண்டில் உ. வே. சாமிநாதையர் புறநானூற்றைப் பழைய உரையுடன் பதிப்பித்த நாள்முதல் இந்நூல் தமிழக வரலாற்றுக்கு முதன்மைச் சான்றாகக் கொள்ளப்பட்டு வருகிறது. பழைய உரை 266ஆம் பாடல்வரைதான் கிடைத்துள்ளது. நாம் எடுத்துக்கொண்ட பாடல்களில் ஒன்றைத் தவிர ஏனையவை அவ்வெல்லைக்குள் அடங்குகின்றன. பாடலின் கீழ் அமைந்த திணை, துறை, பாடியோர், பாடப்பட்டோர், பாடிய சூழல் ஆகியவற்றைக் கூறும் குறிப்புகள் தொகுத்தோர் காலத்தவையாகவோ அதற்குப் பிற்பட்டவையாகவோ இருத்தல் கூடும் என்பது அறிஞர் பலரின் கருத்து. பாடலுள் 'நலங்கிள்ளி' என்ற பெயர் வராதபோதும் குறிப்பு அப்பெயரைத் தருகிறது. குறிப்பை நீக்கிவிட்டால் 45ஆம் பாடல் எவ்விரு சோழரைப் பற்றியது என நாம் அறிய வழியே இல்லை. எனவே வரலாற்றுச் செய்தியின் பெரும்பகுதி குறிப்புகளையே சார்ந்து நிற்கிறது. அவற்றை முற்றாகத் தள்ளுவதும் கல்வெட்டுப்போல் நம்புவதும் ஒருங்கே பொருந்தா. பாடலின் உள்ளுரையோடு ஒத்துவரும் அளவில் அவற்றை ஏற்பதே முறை எனக் கருதுகிறோம்.

துணைவஞ்சி என்பது பகைமேற் சென்ற அல்லது செல்ல முனைந்த வேந்தனைத் தணித்துச் சந்து செய்விக்கும் துறை. புறநானூற்றில் 36, 45, 46, 47, 57, 213 முதலிய பாடல்கள் இத்துறைக்கு உரியனவாகக் குறிக்கப்பட்டுள்ளன. வேந்தனைத் தடுத்துப் பேசுவதற்கென ஒரு துறையே இலக்கண மரபில் இடம்பெற்றது நோக்கத்தக்கது. தொல்காப்பியச் செய்யுளியல் வாயுறை வாழ்த்து என்பதற்கு வேம்பையும் கடுவையும் உவமையாக்கி, கசக்கும் சொல் பின்னர்ப் பயன்தரும் என்கிறது. குறளில் பெரியாரைத் துணைக்கோடல் என ஓர் அதிகாரமே உண்டு. கடிந்துரைப்பார் இல்லாத மன்னன் பகைவர் இன்றியும் கெடுவான் என்னும் கருத்து அதில் இடம்பெறுகிறது. மறுத்துரைப்போருக்கு அவையில் இடம் இருந்தது என்பதில் ஐயமில்லை. அச்சொல் எவ்வளவு தூரம் சென்று பயன் விளைத்தது என்பதே வினா.

ஆவூரும் உறையூரும்

கோவூர்கிழாரின் பெயரால் புறநானூற்றில் 15 பாடல்கள் உள்ளன. அவற்றுள் 31, 32, 33, 68, 382, 400 ஆகியவை நலங்கிள்ளியையே பாடுவன. ஆகவே இவர் நலங்கிள்ளியின் அவைக்கு நெருக்கமானவர் எனக் கொள்வதில் தவறில்லை. இவர் வரைந்து காட்டும் நலங்கிள்ளி எத்தகையவன்? 31ஆம் பாடலில் அவன் போரை விரும்பிப் பாசறையிலேயே தங்குபவன். நகரில் இனிதிருக்க ஒருப்படாதவன். அவனுடைய களிறுகள் பகைவர் மதிலைக் குத்திக் கோடு மழுங்கியும் அடங்குவதில்லை. அவனுடைய மறவர், செல்லவேண்டிய நாடு தொலைவிலுள்ளது என்று தயங்குவதில்லை. அவன் எப்போது வருவானோ என்று வடபுலத்து அரசர் கண்ணுறங்காதிருக்கின்றனர். இவை யாவும் புகழுரைகள். போர்வெறி என இன்று நாம் சொல்லத்தக்க குணத்தை அதே புலவர் வேந்தனின் சிறப்பாக வாழ்த்தியிருக்கிறார். இதை மறந்துவிட்டு 45ஆம் பாடலை மட்டும் படிப்போர் கோவூர்கிழாரை 'அமைதிப் புலவர்' எனப் பட்டம் சூட்டி அமைந்துவிடுகின்றனர்.

44ஆம் பாடல், நலங்கிள்ளி ஆவூரை முற்றியிருந்தபோது உள்ளே அடைத்திருந்த நெடுங்கிள்ளியை நோக்கிக் கூறப்பட்டது. முற்றுகையின் கொடுமையை இவ்வளவு அணுக்கமாகக் காட்டும் சங்கப் பாடல்கள் மிகச்சில. யானைகள் நீராடவும் வழியின்றி, உணவுக் கவளமும் இன்றி, நிலத்தில் புரண்டு பெருமூச்செறிந்து முழங்குகின்றன. குழந்தைகள் பாலின்றி அலறுகின்றன. மகளிர் பூவின்றி வெறுந்தலையை முடிக்கின்றனர். நீரின்றி வருந்தும் வீடுகளில் அழுகுரல் கேட்கிறது. இந்நிலையில் நீ இங்கு இனிது தங்கியிருப்பது கொடிது என்று புலவர் நெடுங்கிள்ளியிடம் கூறுகிறார். அதன்பின் இரு வழிகளைக் காட்டுகிறார். அறமுடையவனாயின் 'இந்நகர் உனதே' என்று சொல்லிக் கதவைத் திற; மறமுடையவனாயின் போரிடுவதற்குத் திற. இரண்டுமின்றி மதிலின் ஒரு மூலையில் ஒடுங்கிக் கிடப்பது நாணத்தக்கது.

இப்பாடலைப் போர் மறுப்பு எனலாமா? மக்களின் துயரைக் கண்டு இரங்கும் குரல் இதில் உண்டு. ஆனால் அத்துயருக்கு முற்றுகையிட்டவன் காரணன் என்ற எண்ணத்தைப் புலவர் எவ்விடத்தும் தொடவில்லை. பழி முழுவதும் உள்ளிருப்பவன்மேல் விழுகிறது. கொடுக்கப்படும் இரு வழிகளும் முற்றியிருப்பவனுக்கு உவப்பானவையே. ஒன்று சரணடைதல், மற்றொன்று வெளிவந்து பொருதல். முற்றுகை நீடித்தலே நலங்கிள்ளிக்கும் இடர்.

நலங்கிள்ளியின் பெயரால் அமைந்த 73ஆம் பாடலை இதனோடு இணைத்து நோக்குதல் வேண்டும். பகைவன் மெல்ல வந்து தன் அடியைப் பொருந்தி இரந்தால், முரசுடைய தாயத்து அரசு எளிய பொருளே, உயிரையும் கொடுப்பேன் என்றும், தன் ஆற்றலை மதியாது இகழ்ந்தவன் உறங்கும் புலியை இடறிய குருடன்போல் தப்ப இயலாது என்றும் வேந்தன் வஞ்சினம் கூறுகிறான். இங்குத் 'தாயம்' என்னும் சொல் கருதத்தக்கது. அச்சொல் வழிவழி உரிமையைக் குறிப்பது. வேற்று நாட்டானோடு பொருவோன் தன் வஞ்சினத்தில் தாயத்து அரசைப் பணயமாகப் பேசவேண்டிய தேவை குறைவு. இவ்வஞ்சினம் தாயாதியை நோக்கியது என்று கொள்ள இச்சொல் இடந்தருகிறது. அங்ஙனமாயின் 'அறமுடையவனாயின் உனதே என்று திற' என்று 44ஆம் பாடலில் புலவர் கூறுவதும், 'அடிபொருந்தி இரந்தால் தருவேன்' என்று வேந்தன் கூறுவதும் ஒரே பேரத்தின் இரு முனைகள் ஆகின்றன. புலவர் தம் வேந்தனின் நிபந்தனையை மதிலுக்கு உள்ளே கொண்டு சென்றவராகிறார். தூதர் என்பதே அவருக்கு அப்போது பொருந்தும் பெயர்.

45ஆம் பாடலின் நிலை வேறு. குறிப்பின்படி இது முற்றியிருந்த நலங்கிள்ளியையும் அடைத்திருந்த நெடுங்கிள்ளியையும் ஒருசேரப் பாடியது. ஒன்பது அடிகளே கொண்ட பாடல். உன் பகைவன் பனந்தோடு சூடியவன் அல்லன், வேம்பு சூடியவனும் அல்லன், உன் கண்ணியும் ஆத்தி, அவன் கண்ணியும் ஆத்தி என்று தொடங்கி, யார் தோற்றாலும் தோற்பது உங்கள் குடியே, இருவரும் வெல்வது இயற்கையும் அன்று என வளர்ந்து, இவ்விகல் உங்களையொத்த பிற வேந்தருக்கே உடல்பூரிக்கும் மகிழ்ச்சி தரும் என முடிகிறது. சேரரும் பாண்டியரும் பெயர் கூறப்படாமல் பூவினால் மட்டும் சுட்டப்படுவது பலராலும் பாராட்டப்பட்டதே. நாம் இங்குக் கவனிக்க விழைவது முன்னிலைச் சொற்களின் மாற்றத்தை. பாடல் 'நின்' என ஒருவனை நோக்கித் தொடங்குகிறது; அப்போது மற்றவன் 'நின்னொடு பொருவோன்', அதாவது படர்க்கை. பின்னர்ப் புலவர் 'நும்' எனப் பன்மைக்கு நகர்கிறார். ஒருவன் செவியில் தொடங்கிய சொல் இருவருக்கும் பொதுவாகிவிடுகிறது. அரணுக்கு உள்ளும் புறமுமாகப் பிரிந்து நின்ற இருவரை இலக்கணத்தின் வழியே ஒரு குடியாக்கிவிடும் இம்மாற்றம், பாடலின் வாதத்தையே தன்னுள் அடக்கியுள்ளது. ஆவூரில் ஒரு சார்பாய் நின்றவர் உறையூரில் இருவர்க்கும் பொதுவானவராகிறார்.

எனினும் வாதத்தின் அடிப்படை யாது? கொலை தீது என்பதன்று. குடிமக்கள் வருந்துவர் என்பதும் இப்பாடலில் இல்லை. ஆவூரின் பசித்த குழந்தைகள் இங்கு வருவதில்லை. சோழர் குடியின் மானமும் பிற வேந்தரின் எள்ளலுமே அளவுகோல்கள். எதிரி பனையோ வேம்போ சூடியிருந்தால் கோவூர்கிழார் தடுத்திருப்பாரா? அவருடைய பிற பாடல்கள் விடை தருகின்றன. பாண்டியரின் ஏழெயில் கதவத்தை அழித்து அதில் புலிச்சின்னம் பொறித்ததை 33ஆம் பாடலில் அவர் வாழ்த்துகிறார். குராப்பள்ளித் துஞ்சிய கிள்ளிவளவன் சேரரின் கருவூரை எறிந்ததை 373ஆம் பாடலில் பாடுபவரும் அவரே. ஆகவே இவரது மறுப்பு, போர் என்ற செயலுக்கு எதிரான மறுப்பாக அமையவில்லை. தாயாதிப் போர் என்னும் ஒருவகைப் போருக்கு மட்டுமே எதிரானதாக அமைந்தது. வகுப்பில் இதனை எடுத்துரைக்கும்போது மாணவர் சிலர் ஏமாற்றம் கொள்வதுண்டு. நமக்கு அதில் ஏமாற்றம் இல்லை. போர்ப்புகழையே வாழ்வின் பயனாகக் கருதிய ஓர் அவையில், அந்த அவையின் மதிப்பீட்டுக்குள் நின்றே வேந்தனை மறுப்பதற்கு ஒரு வழியைக் கண்டெடுத்தது எளிய செயலன்று. குழந்தைகளின் அழுகையைச் சொன்னால் நலங்கிள்ளி கேட்கமாட்டான் என்பதை அவர் அறிந்திருத்தல் கூடும்.

இனி விளைவுக்கு வருவோம். 47ஆம் பாடலின் குறிப்பு, நலங்கிள்ளியிடமிருந்து உறையூருக்குள் சென்ற இளந்தத்தன் என்னும் புலவனை ஒற்றன் எனக் கருதி 'காரியாற்றுத் துஞ்சிய நெடுங்கிள்ளி' கொல்லப் புகுந்தபோது கோவூர்கிழார் அவனைக் காத்ததாகக் கூறுகிறது. பரிசிலர் பறவைபோல் நெடுவழி கடந்து சென்று, பெற்றதைச் சுற்றத்தோடு உண்டு, மிச்சம் வையாது வழங்கி வாழ்பவர். பிறர்க்குத் தீங்கு எண்ணாதவர். கல்வியால் தம்மோடு மாறுபட்டாரை நாணச்செய்து தலைநிமிர்ந்து நடப்பதொன்றே அவர் செய்வது என்பது பாடலின் வாதம். ஒரு போர்முகத்திலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் புலவன் ஒற்றனாக ஐயுறப்படுவது இயல்பே என்பதையும், கோவூர்கிழார் தாமும் அதே இடரினூடே நடந்தவர் என்பதையும் இந்நிகழ்ச்சி உணர்த்துகிறது. 44ஆம் பாடலைப் பற்றி மேலே நாம் கூறியது சரியாயின், நெடுங்கிள்ளியின் ஐயம் முற்றிலும் அடிப்படையற்றது எனவும் கூறுவதற்கில்லை.

இக்குறிப்பிலுள்ள 'காரியாற்றுத் துஞ்சிய' என்னும் அடைமொழியே நம் வினாவுக்கு நெருங்கிய சான்று. 44, 45ஆம் பாடல்களின் குறிப்புகளில் இவ்வடை இல்லை. மூன்று குறிப்புகளிலும் வரும் நெடுங்கிள்ளி ஒருவனே எனக் கொண்டால், அவன் உறையூரிலிருந்து ஆண்டு முதிர்ந்து மறையவில்லை. காரியாறு என்ற இடத்தில் இறந்தான். கே. ஏ. நீலகண்ட சாஸ்திரியார் முதலிய வரலாற்றாசிரியர் இவ்விருவர்க்கும் இடையிலான போர் காரியாற்றில் நெடுங்கிள்ளியின் இறப்போடுதான் முடிந்தது எனக் கொண்டனர். 'துஞ்சிய' என்னும் சொல் போர்க்களச் சாவை மட்டும் குறிப்பதன்று. மணிமேகலையோ காரியாற்றைச் சோழர் பிற வேந்தரை வென்ற களமாகக் காட்டுகிறது. எனவே நெடுங்கிள்ளியைக் கொன்றவன் நலங்கிள்ளியே என்று துணிவது மிகை. ஆயினும் புலவரின் சொல்லால் போர் நின்று இருவரும் ஒன்றாயினர் என்று துணிவது அதனினும் மிகை. கிடைத்துள்ள ஒரே தடயம் எதிர்த்திசையையே காட்டுகிறது.

கருவூர் மதிலின் கீழ்

எதிரி வேற்றுக் குடியினனாயின் புலவர் தடுத்ததே இல்லையா என்ற கேள்வி எழும். 36ஆம் பாடல் அதற்கு விடை. குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன் கருவூரை முற்றியிருந்தபோது ஆலத்தூர்கிழார் பாடியது இது. கொல்வதும் கொல்லாதொழிவதும் உன் விருப்பம், அதனால் உனக்கு வரும் உயர்வை நீயே எண்ணிப்பார் என்று அவர் தொடங்குகிறார். ஆன்பொருநைக் கரையின் காவல்மரங்களை வெட்டும் கோடரியின் ஓசை தன் அரண்மனையில் வந்து எதிரொலிக்கவும் மனம் கூசாது இனிதிருக்கும் வேந்தன் ஒருவனோடு, நீ முரசறைந்து பொருதாய் என்பது நாணத்தக்கது என்பது அவர் வாதம். ஆவூர்ப் பாடலில் ஒடுங்கியிருந்தவனுக்கு உரைக்கப்பட்ட நாணம், கருவூர்ப் பாடலில் முற்றியிருப்பவனுக்கே திருப்பப்படுகிறது. எதிரியை இகழ்வதுபோல் தொடங்கி, அவ்விகழ்ச்சியையே படை திரும்புவதற்குக் காரணமாக்குகிறார் புலவர். அதியமானின் தூதாகத் தொண்டைமானிடம் சென்ற ஔவையார், படைக்கலக் கொட்டிலைப் புகழ்வதுபோல் புகழ்ந்து இகழ்ந்த 95ஆம் பாடலும் இவ்வினத்ததே. நேராக 'வேண்டா' எனச் சொல்ல இயலாத இடத்தில் சொல் வளைந்து செல்கிறது.

புல்லாற்றூர் எயிற்றியனார்

நேராகச் சொன்னவர் ஒருவர் உண்டு. கோப்பெருஞ்சோழன் தன் மக்கள் இருவர்மேல் படைகொண்டு சென்றபோது புல்லாற்றூர் எயிற்றியனார் பாடியது 213ஆம் பாடல். தந்தைக்கும் மக்களுக்கும் பகை மூண்ட காரணம் எங்கும் சொல்லப்படவில்லை. உன்னை எதிர்த்து எழுந்தோர் உன் பழம்பகைவரான வேந்தர் அல்லர். நீயும் அவர்க்கு அத்தகைய பகைவன் அல்லை. புகழை நிறுத்தி நீ மேலுலகம் செல்லும்போது இவ்வரசு அவர்க்கே உரியது என்று புலவர் அடித்தளம் இடுகிறார். பின்னர், சூழ்ச்சித்திறன் அற்ற அம்மக்கள் தோற்றால் உன் பெருஞ்செல்வத்தை யாருக்கு விட்டுச் செல்வாய், நீ தோற்றால் உன்னை இகழும் பகைவர் மகிழப் பழியை அல்லவா எஞ்ச வைப்பாய் என வினவுகிறார். எனவே மறம் ஒழிக, விரைந்து எழுக என்றும், வானோர் விருந்தாக எதிர்கொள்ளும் பேற்றை நாடி நல்வினை செய்க என்றும் கூறி முடிக்கிறார்.

கோவூர்கிழாரின் வாதத்தோடு இதனை ஒப்பிட்டால் ஒற்றுமை வெளிப்படை. வென்றாலும் தோற்றாலும் இழப்பு ஒன்றே என்பதும், பகைவர் மகிழ்வர் என்பதும் இரண்டிற்கும் பொது. வேறுபாடு ஈற்றில் உள்ளது. கோவூர்கிழார் இகலைக் கைவிடச் சொல்கிறார். அதன்பின் அவ்விருவரும் என் செய்வது என்பதைச் சொல்லவில்லை. ஓர் அரசை இருவர் எங்ஙனம் பகிர்வது என்ற உண்மையான சிக்கல் அப்படியே நிற்கிறது. எயிற்றியனாரோ வேந்தனுக்கு வேறொரு வழியைத் திறந்துவிடுகிறார். அவன் பின்வாங்குவதைத் தோல்வியாகக் காட்டாது, இவ்வுலக அரசினும் மேலானதொன்றை நோக்கிய புறப்பாடாகக் காட்டுகிறார். மானத்தைப் பெரிதெனக் கொண்ட ஒருவனைப் போர்முகத்திலிருந்து மீட்க, மானம் குறையாத ஒரு வாயில் தேவை என்பதை அவர் உணர்ந்திருந்தார் என்றே தோன்றுகிறது. அறிவுரை என்ற அளவில் 213ஆம் பாடல் 45ஆம் பாடலினும் முதிர்ந்தது என்பது நம் கருத்து. அது பெற்றுள்ள புகழ் அதனினும் குறைவு.

தொகையில் அடுத்து வரும் 214ஆம் பாடல், வடக்கிருந்த கோப்பெருஞ்சோழனே கூறியது. நல்வினை செய்வோமோ என ஐயுற்று மயங்குவோரை நோக்கி, யானை வேட்டைக்குச் சென்றவன் யானையையும் பெறுவான், குறும்பூழ் வேட்டைக்குச் சென்றவன் வெறுங்கையோடும் வருவான் என்னும் கருத்தால் உயர்ந்ததை நாடச் சொல்கிறான் வேந்தன். புலவர் இறுதியில் சொன்ன வானோர் விருந்தும், வேந்தன் இங்குப் பேசும் மேலுலகும் ஒன்றையொன்று தொடுகின்றன. படை திரும்பியது என்றோ, மக்கள் அரசேற்றனர் என்றோ எக்குறிப்பும் கூறவில்லை. இரு பாடல்களையும் அடுத்தடுத்து வைத்தவர் தொகுத்தோர். அவ்வைப்பு முறையே நிகழ்ச்சி முறை ஆகிவிடாது. எனினும் இங்கு உள்ளுரையே இணைப்புக்குத் துணைநிற்பதால், புலவரின் சொல் வேந்தனைத் தொட்டது எனக் கொள்ள உறையூர் நிகழ்ச்சியைவிட இங்கு இடம் மிகுதி.

அதன்பின் வரும் பாடல்கள் பிசிராந்தையாரின் வருகையையும் பொத்தியாரின் துயரையும் பற்றியவை. நட்பின் வரலாறாக அவை மிகுதியும் பேசப்பட்டுள்ளன. யானையை இழந்த பாகன் வெறுங்கூடத்தைக் கண்டு அழுததுபோல், வேந்தன் இல்லாத உறையூர் மன்றத்தைக் கண்டு பொத்தியார் அழுகிறார். நலங்கிள்ளியின் முடிவைப் பற்றி நமக்குக் கிட்டுவது ஆலத்தூர்கிழாரின் 225ஆம் பாடல்; முன்னே செல்வோர் நுங்கும், இடையே செல்வோர் பழமும், கடையில் செல்வோர் கிழங்கும் உண்ணத்தக்க நீண்ட படையை உடையவன் இன்று கள்ளி வளர்ந்த களரில் ஒடுங்கினான் என அது இரங்குகிறது. அப்பாடலில் நெடுங்கிள்ளியைப் பற்றிய பேச்சே இல்லை. புல்லாற்றூர் எயிற்றியனாரின் பெயரால் புறநானூற்றில் உள்ளதோ 213ஆம் பாடல் ஒன்றே.